பாப்பரசரின் கடிதங்களும் ஒரு படி மல்லாட்டையும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் ஒன்பது என்றும் கூட வைத்த சீட்டில் ஒன்பதரை என்றும் இருந்தால், பேனாவை எடுத்து ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. (எது சரி என்று விசாரிப்பதெல்லாம் கிடையாது. ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.) இந்த வியாதியால் அக்கம்பக்கத்தார் பலர் அவதிப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் ரோமாபுரியில் இருந்த ஒரு பாப்பரசர் பட்ட பாட்டுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

வியாதி தொற்றிய இடம் விழுப்புரம். ஐந்தாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் நகல் எழுதுபவனாகச் சேர்ந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் இப்போது சொல்வதில்லை.) முதலாளி, கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, "ஒரு எழுத்து மாத்தாம அப்பிடியே எழுதுடா சவரிமுத்து" என்பார். கட்சிக்காரர் வெற்றிலை போட வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, "இதுல வடக்கெல்லை வுட்டுப்போயிருக்கு பாரு. பழைய பத்திரத்தப் பாத்து நீயே சேத்துடு. மூணு காயிதமும் ஒத்துப் போவலன்னா ரிஜிஸ்தரார் மூஞ்சியில வுட்டெறிவாரு" என்பார்.

ஆக, 'எதையும் மாற்றாதே' என்பது சபை மரியாதைக்காகச் சொல்வது, விட்டுப்போனதைச் சேர்த்து ஒழுங்கு பண்ணுவதுதான் உத்தியோகம் என்று நான் தெரிந்துகொண்டேன். அங்கே இன்னும் இரண்டு வழக்கங்கள். சேர்த்தது, நீக்கியது எல்லாவற்றுக்கும் எந்தப் பக்கம், எந்த வரி என்று தனியாக ஒரு பட்டியல் வைக்க வேண்டும். சுத்தப் பிரதி தயாரானதும் கரட்டுப் பிரதி கடையில் இருக்கவே கூடாது. "ஒரு நெலத்துக்கு ரெண்டு காயிதம் இருந்தா ரெண்டு வக்கீல் பொழைச்சிக்குவான்" என்பது முதலாளியின் கட்சி.

இந்தப் படிப்போடு நான் 1939இல் திண்டிவனத்துக்குப் போனேன். அங்கே மிஷன் பங்களாவில் ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் இருந்தார். நாற்பது வயசு. சிவந்த தாடி, மாதம் ஒரு முறை மலேரியா, வருஷம் முழுக்கக் கோபம். தமிழைப் பழைய இலக்கணப் புஸ்தகத்திலிருந்து கற்றவர். பால்காரனிடம்கூட "நீர் கொணர்ந்தது பாலா, நீரா?" என்று கேட்பார். அவருக்கு லத்தீன் எழுத்தை அழகாக நகல் எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலை ஒழுங்காக முடிந்தால் மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

அந்தச் சிபாரிசுக் கடிதம் எனக்கு உயிர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் தண்டவாளம் பார்க்கும் கேங் மேஸ்திரி அருளப்பன் என்பவருக்கு ரோசலி என்று ஒரு மகள் இருந்தாள். பெண் கேட்டுப் போனபோது மேஸ்திரி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "வேல நெரந்தரம்னு காயிதத்தோட வா, கண்ணாலம் பேசலாம். இல்லன்னா எங்க கேங்க்ல சம்மட்டி புடிக்க வா. ஆனா இந்தக் கைய வெச்சிக்கினு சம்மட்டி தூக்குவியான்னுதான் சந்தேகமா கீது" என்றார். ரோசலி கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது.

முதல் நாள் சாமியார் மூன்று தடித்த நோட்டுப் புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். எல்லாம் பென்சில் எழுத்து, மங்கிக்கொண்டிருந்தது. ஒன்றின் ஓரத்தைக் கரையான் ருசி பார்த்திருந்தது.

"கேளும்" என்றார். "அக்காலத்தில் பாப்பரசர் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதியை ரோமாபுரியில் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதி வைத்தார்கள்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "ரிஜிஸ்தரார் ஆபீசுங்களா சாமி?"

"ஏறக்குறைய. அப்பதிவேடு நாணல் தாளில் எழுதப்பட்டது. உளுத்துப்போயிற்று. அதற்கு முன் சிலர் அதிலிருந்து தங்களுக்கு வேண்டிய கடிதங்களை மட்டும் பொறுக்கி எழுதினர். அவற்றைப் பார்த்து வேறு சிலர் எழுதினர். இப்படி எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள். அவற்றில் மூன்று ஏடுகளை மூன்று ஊர்களில் உட்கார்ந்து நான் என் கையால் எழுதி எடுத்தேன். பதினோரு வருட உழைப்பு. மையில் எழுதித் தாரும். எதையும் மாற்றாதீர். பிழை இருந்தால் பிழையோடு எழுதும்."

"சரிங்க சாமி" என்றேன். பெரிய மனிதர், எதிரில் அப்படித்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேலும் ஏதோ அரை மணி நேரம் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே ரோசலிக்கு என்ன நிறத்தில் புடவை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு லத்தீனில் ஓர் அட்சரம் புரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியுமே. முதல் நோட்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தலையில் ஒரு நம்பர், யாருக்கு என்று ஒரு பெயர், அடியில் தேதி. ஒரே வாரத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மூன்று நோட்டும் ஒரே பாப்பரசரின் கடிதங்கள். ஆனால் என்ன அலங்கோலம்! முதல் நோட்டில் உள்ள வரிசை இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒரு கடிதத்துக்கும் தேதியே இல்லை. இரண்டாவதில் ஒரே கடிதம் இரண்டு தடவை வருகிறது. மூன்றாவதில் ஒரு கடிதம் பாதியில் நின்று, அடுத்த வரியிலேயே வேறொரு கடிதத்தின் நடுப்பகுதி தொடங்குகிறது. இந்த லட்சணத்தில் விழுப்புரத்துக்குக் கொண்டு போயிருந்தால் ரிஜிஸ்தரார் காறித் துப்பியிருப்பார்.

கை அரித்தது. நான் அந்த மூன்றையும் ஒழுங்கு பண்ணினேன். முதல் நோட்டு வரிசைக்கு மற்ற இரண்டையும் கொண்டுவந்தேன். தேதி இல்லாத கடிதத்துக்கெல்லாம் தேதி போட்டேன். இரண்டு தடவை வந்ததில் ஒன்றை நீக்கினேன். பாதியில் நின்றதை மற்ற இரண்டையும் பார்த்து முழுசாக்கினேன். எட்டு வாரத்தில் முடிய வேண்டிய வேலைக்குப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று. கண் வீங்கிப்போயிற்று. எத்தனை இடத்தில் சரி பண்ணினேன் என்று வழக்கப்படி ஒரு பட்டியலும் எழுதி வைத்தேன். சாமியார் என் உழைப்பைக் கண்டு மெய்ம்மறக்கும் தருணத்தில் அதை எடுத்து நீட்டுவதாகத் திட்டம்.

கடைசியாகக் கரட்டுப் பிரதி. மூன்று பென்சில் நோட்டையும் கிழித்துப் போட மனசு வரவில்லை, நல்ல தடித்த காகிதம். அப்போது ஞாபகம் வந்தவள் அஞ்சலை. திண்டிவனம் ஸ்டேஷனில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவள். பொட்டலம் மடிக்கக் காகிதம் கேட்டு என்னை எப்போதும் நச்சரிப்பாள். அன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி வூட்டு எழுத்தா? பேஷா கீதுபா!" என்று ஒரு படி மல்லாட்டையை என் துண்டில் கொட்டினாள். கொறித்துக்கொண்டே பங்களாவுக்கு வந்தேன்.

சாமியார் என் சுத்தப் பிரதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து கப்பல். மலேரியாவுக்காக அவரை ஐரோப்பாவுக்கே திருப்பி அழைத்திருந்தார்கள். யுத்தம் வரும் என்ற பேச்சு வேறு. முதல் பிரதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவதைப் பார்த்தார், தலை நின்றது. மூன்றாவதை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே நான் தமிழில், என் அழகான கையெழுத்தில், ஒரு சான்று எழுதியிருந்தேன்:

'மூன்று நகல்களும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கப்பட்டன. வித்தியாசம் இல்லை.'

சாமியார் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு லத்தீனில். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"வித்தியாசம் எங்கே?"

"இல்லீங்க சாமி. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"என் பென்சில் ஏடுகள் எங்கே?"

"அது கரடுதானுங்களே சாமி, அஞ்சலைகிட்ட..." என்று துண்டைக் காட்டினேன். துண்டில் மல்லாட்டைத் தோல்தான் இருந்தது.

அந்த மனிதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதைத் திண்டிவனம் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. பின்னால் நான். விழுப்புரம் பாசஞ்சர் புறப்படும் சமயம். அஞ்சலை எந்த வண்டியில் ஏறினாள் என்று தெரியவில்லை. கைக்கெட்டிய பெட்டியில் தொற்றிக்கொண்டோம். உள்ளே பார்த்தால் பத்துப் பேர் கையில் மல்லாட்டைப் பொட்டலம். எல்லாப் பொட்டலத்திலும் பாப்பரசர்.

நான் பதமாகப் பேசி ஒவ்வொன்றாக வாங்கியிருப்பேன். சாமியாருக்கு அவ்வளவு பொறுமை ஏது? இரண்டு கையையும் உயர்த்தி, கோயில் பிரசங்கக் குரலில், "ஐயன்மீர்! அதை உண்ணாதீர்கள்! உடனே என்னிடம் தாருங்கள்!" என்று கத்தினார்.

பெட்டியில் எல்லோரும் கையிலிருந்த பொட்டலத்தை உற்றுப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "ஐயோ, மல்லாட்டையில வெசம் வெச்சிருக்குதாம்பா!" என்று அலறினார். அவ்வளவுதான். பொட்டலங்கள் சன்னல் வழியே பறந்தன. சத்தம் அடுத்த பெட்டிக்குப் போயிற்று, அங்கிருந்து அதற்கடுத்த பெட்டிக்கு. எட்டிப் பார்த்தேன். வண்டி நெடுகிலும் பாப்பரசரின் கடிதங்கள் கரும்புக் கொல்லைப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன.

சாமியார் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். வண்டி திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் நின்றது. கார்டு திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே ஓடிவந்து, வெள்ளைக்காரரைப் பார்த்ததும் அதே வாயால் சலாம் சொன்னார். (நான் இழுத்திருந்தால் விழுப்புரம் லாக்கப்பில் இருந்துதான் இதை எழுதியிருப்பேன்.) நாங்கள் குதித்தோம். கூடவே மூன்றாவது பெட்டியிலிருந்து கூடையோடு அஞ்சலையும் குதித்தாள்.

"யார்றா அவன், எம் மல்லாட்டையில வெசம்னவன்? பதினஞ்சி வர்சமா வித்துக்கினு கீறேன்! சாமி, நீங்களா சொன்னீங்க? அப்பிடின்னா இந்த வண்டி ஜனம் பாக்கத் துன்னு காட்டுங்க. ஜல்தியா துன்னுங்க!"

சாமியாருக்கு வேறு வழியில்லை. தண்டவாளத்தின் ஓரமாக நின்று, வண்டியின் அத்தனை சன்னல்களும் பார்த்திருக்க, கை நிறைய மல்லாட்டை வாங்கித் தின்றார். சாகவில்லை. ஜனம் அசடு வழிந்தது. வண்டி நகர்ந்தது. அஞ்சலை அப்புறம்தான் மூச்சு விட்டாள். கூடைக்கடியில் கையை விட்டு, முதல் நோட்டையும் மூன்றாவதையும் முழுசாக எடுத்துப் போட்டாள். மேலே இருந்த இரண்டாவதை மட்டும்தான் கிழித்திருக்கிறாள், தாளுக்கு இரண்டு பொட்டலமாக.

பொறுக்க ஆரம்பித்தோம். ஆடி மாத வெயில். சரளைக் கல். காற்று வேறு. குனிந்து நிமிர்ந்து, வேலிக்காத்தான் முள்ளில் கையை விட்டு, அரைத் தாள் அரைத் தாளாக.

"பிழைகள்தாம் எனக்கு வேண்டும், ஐயா!" என்று சாமியார் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "ஒரே கடிதம் இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் பாதியில் நின்றால், அவ்விரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஆறாம் விரல் இருப்பது போல. அதைக் கொண்டுதான் எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று அறிவோம். நீர் என்ன செய்தீர்? அத்தனை ஆறாம் விரல்களையும் வெட்டிவிட்டீர்! எல்லோருக்கும் ஐந்து விரல். வித்தியாசம் இல்லை!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இத மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதாங்க சாமி?"

"முதல் நாளே சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். நீர் தலையாட்டினீர்!"

நான் குனிந்து அடுத்த தாளைப் பொறுக்கினேன். (புடவை பச்சை என்று முடிவு செய்திருந்தேன்.)

நடுவழியில் வண்டி நின்றால் அந்தப் பகுதி மேஸ்திரி வந்துதானே ஆகவேண்டும். நான் முழங்காலில் உட்கார்ந்து தண்டவாளக் கட்டைக்கடியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டிருந்தபோது எதிரில் இரண்டு செருப்புகள் நின்றன. நிமிர்ந்தால் அருளப்பன். பின்னால் அவர் கேங் முழுவதும்.

"இன்னா மாப்ள" என்றார். "வேல நெரந்தரமாயிடுச்சா?"

என் வாழ்க்கை அந்தச் சரளைக் கல்லில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேஸ்திரி விஷயத்தைக் கேட்டார், பாதிதான் புரிந்தது, ஆனால் உடனே கேங்கைப் பார்த்து, "டேய், ஆளுக்கு அம்பது கெஜம். ஒரு தாளு வுடாத பொறுக்கு" என்றார். பொழுது சாய்வதற்குள் கிட்டத்தட்ட முழு நோட்டும் சேர்ந்துவிட்டது. எல்லாம் பார்த்து முடித்தபோது ஐந்து தாள்கள் மட்டும் இல்லை. அவை எந்தக் கொல்லையில் எந்த ஆட்டின் வயிற்றுக்குள் போயினவோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அஞ்சலைக்குச் சாமியார் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். "மொதல்லியே இதக் குடுத்திருந்தா இவ்ளோ பேஜாரு இல்லல்ல?" என்று அவள் என்னைத்தான் முறைத்தாள்.

நான் அந்தப் பட்டியலைச் சாமியாரிடம் காட்டவே இல்லை. அதைக் காட்டினால் அடிப்பார் என்று பயந்து, என் தகரப் பெட்டிக்கு அடியில் போட்டு மேலே துணியை அடுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் கப்பலேறினார். பென்சில் நோட்டுகளோடு என் நகல்களையும் எடுத்துப்போனார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. புறப்படுமுன் ஒரு கவரை என் கையில் வைத்தார். சிபாரிசுக் கடிதம்! உடனே பிரித்தேன். 'இவரிடம் எதையும் நகலெடுக்கக் கொடுக்க வேண்டாம். ஆனால் கணக்கு வாத்தியாராக நியமிக்கலாம். எல்லோருடைய விடையும் ஒத்திருக்க வேண்டிய பாடம் அது ஒன்றுதான்' என்று இருந்தது. வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றேன்.

மேஸ்திரியிடம் காகிதத்தோடு போனேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "தப்பு பண்ணவன் ஓடிப்பூடுவான். நீ வெயில்ல மண்டி போட்டுப் பொறுக்கிக்கினு இருந்த. போதும்" என்றார். பிறகு, "குனியத் தெரிஞ்சிருக்கு, கேங்க்லயும் எடம் கீது" என்று சேர்த்துக்கொண்டார். ரோசலி பச்சைப் புடவையில் வந்தாள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே இலக்கணத் தமிழ். 'போரில் ஒரு நூலகம் எரிந்தது. நமது இரண்டாம் ஏட்டின் மூலம் அங்கேதான் இருந்தது. காணாமற்போன ஐந்து தாள்களுக்கு இவ்வுலகில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி உமது நகல். அதை நான் நம்பவில்லை. எங்கெங்கே கை வைத்தீர் என்று உமக்கு நினைவிருக்கிறதா?'

ஏழு வருஷம் ஆகியிருந்தது. நினைவாவது ஒன்றாவது. ஆயிரத்து முந்நூறு வருஷம் நாணல் தாளிலும் தோலிலும் தப்பி வந்த கடிதங்கள், என் கையில் வந்தா மாட்டிக்கொள்ள வேண்டும்? தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ரோசலி விஷயத்தைக் கேட்டாள்.

"பட்டியலுன்னா, நம்ம தகரப் பொட்டி அடியில வெளிநாட்டு எழுத்தும் நம்பருமா ஒரு காயிதம் கீதே, அதுவா? பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு வேப்பெல போட்டு வெச்சிருக்கேன்."

அதுவேதான். எந்தப் பக்கம், எந்த வரி, எதைச் சேர்த்தேன், எதை நீக்கினேன், எந்த நோட்டைப் பார்த்துச் சேர்த்தேன் என்று ஒன்று விடாமல் இருந்தது. வேப்பிலை வாசனையோடு அப்படியே கவரில் போட்டு அனுப்பினேன்.

இன்னும் மூன்று வருஷம் கழித்து ஒரு தடித்த புத்தகம் தபாலில் வந்தது. ஒரு பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் வைத்திருந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த சாமியாரிடம் கொண்டுபோய், அடிக்குறிப்பைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: 'இவ்விடத்து மூலம் எரிந்தது. அதன் பிரதி வேர்க்கடலையோடு அழிந்தது. எஞ்சியது தென்னிந்திய எழுத்தர் ஒருவரின் நகல். அவர் சற்றும் நம்பத்தகாதவர். ஆயினும் தம் குற்றங்களுக்கு முழுப் பட்டியல் வைத்திருந்தவர்.'

என் பெயர் இல்லை. ஆனால் நான்தான். இன்றைக்கும் அந்தப் புத்தகம் என் மேஜைமேல் இருக்கிறது.

பிழை ஒத்திருந்தால் சொந்தம் என்பதும், பிழையே இல்லாமல் ஒத்திருந்தால் சந்தேகம் என்பதும் எங்கள் வீட்டில் ரோசலிக்குத்தான் நன்றாகப் பிடிபட்டது. ஒருமுறை எங்கள் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் ஏரியில் நீந்திவிட்டு வந்தார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். மூன்று பேரும் வாத்தியாருக்குக் காய்ச்சல், மணி பதினொன்றுக்கு விட்டுவிட்டார்கள், பெருமாள் கடை வழியாக வந்தோம் என்று ஒரே கதையை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்கள்.

ரோசலி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணும் ஒத்துப் போவுது. வித்தியாசமே இல்ல. உண்மையச் சொல்லுங்க, நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.